பார்க்காத காவல்

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் பழுத்துத் தெளிந்த அன்று காலையில் என் மகள் ஜோவிட்டாவும் தெளிந்துபோனாள்.

முதலில் காது மடல், அப்புறம் விரல்கள், வெந்நீர் ஊற்றித் துடைத்து எடுப்பதற்குள் தோளும் வயிறும் என்று, சோப்பு நுரை கரைவதுபோல அவளுடைய நிறம் கரைந்து போய், சற்று முன்னால் குடித்த பால் வெள்ளைத் திரியாக வயிற்றுக்குள் சுருண்டு கிடப்பதும், அதற்கு மேலே, அவள் மூடிய கைப்பிடி அளவே இருந்த இதயம் சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்துகொண்டிருப்பதும் தெரிந்தன. அவள் அழவில்லை. விரித்துப் போட்ட துண்டின் நீலக் கோடுகள் அவள் முதுகைத் தாண்டித் தெரிய, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவி உள்ளே எங்கிருந்து கிளம்புகிறது என்பதைக்கூட நான் பார்த்தேன்.

ஆனால் தொட்டி எப்படி வந்தது என்பதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

கொளத்தூருக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருவில் மொட்டைமாடி என்று ஒன்று யாருக்கும் கிடையாது. மாடி இருக்கும் இடமெல்லாம் சிமெண்டுத் தொட்டி, தொட்டி இருக்கும் இடமெல்லாம் கப்பி, மோலி, ஏஞ்சல் என்று வளர்ப்பு மீன்கள், மீன் இருக்கும் இடமெல்லாம் காற்றடிக்கும் மோட்டார், அந்த மோட்டார்களின் சத்தம் பகலும் இரவும் ஓயாத தூறல்போலத் தெருவின் மேல் பெய்துகொண்டே இருக்கும். இந்தத் தெருவில் ஆண்கள் மீனைப் பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கட்டுவார்கள், பெண்கள் மீனை ஜோடி பிரிப்பார்கள், பிள்ளைகள் நடக்கக் கற்பதற்கு முன்பே ஆண்மீன் எது பெண்மீன் எது என்று சொல்லிவிடுவார்கள். நான் மட்டும்தான் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்து வளர்ந்து, மருமகளாக இங்கே வந்து சேர்ந்தவள். என் கணவர் அமலன் அந்தப் பைகளை ஆட்டோவில் ஏற்றி ரயிலுக்குக் கொண்டுபோகிறவர்.

ஜோவிட்டா பிறந்ததும் எனக்குப் பால் ஊறியது, பாலோடு சேர்ந்து பயமும் ஊறியது. பால் ஒருநாள் வற்றும், மற்றது வற்றாது என்று எந்த சிஸ்டரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைப்பேன்; காற்று பட்டாலும் அது மின்விசிறிக் காற்றாக இருக்குமோ என்று விசிறியை நிறுத்துவேன்; நிறுத்தியபின் வியர்த்துவிடுமோ என்று மறுபடி போடுவேன்; கடைசியில் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி, அவள் வீறிட்டு அழுவதைக் கேட்ட பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்காருவேன்.

அமலன் பார்த்துவிட்டு மீன் பைகளை ஏற்றப் போய்விடுவார். அவருடைய அக்கா குளோரி அண்ணிதான் சொன்னாள். பக்கத்து மாடியில் இறால் வளர்ப்பவள் அவள், வாய் ஓய்ந்தால் கை ஓயும் என்று பேர் வாங்கியவள்.

"ஏண்டி பெனி, தூங்குற புள்ளைய எழுப்பி அழவிட்டு நீ நிம்மதியா உக்காந்திருக்க?"

"மூச்சு வருதான்னு பாத்தேன் அண்ணி."

"வருது. நேத்தும் வந்துச்சு. நாளைக்கும் வரும். நீ பாக்குறதாலதான் வருதுன்னு நெனச்சியா? உன் கண்ணு என்னா ஏர் மோட்டாரா?"

நான் அழுதேன். அவள் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அதில் பாசி வாசனை அடித்தது.

"உனக்கு வேற எதுனா பாக்குறதுக்கு வேணும். மீனு வேணாம். மீனு மூஞ்சியக் காட்டி சோறு கேக்கும், நீ பாவம்னு கொட்டிக் கொட்டியே கொன்னுடுவ. எறா வச்சுக்கோ. எறா யாரையும் எதுவும் கேக்காது."

அப்படித்தான் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி எங்கள் கூடத்துக்கு வந்தது. இரும்பு ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து, அரிசி களைவதுபோலக் கருமணலைக் களைந்து களைந்து, கழுநீர் கறுப்பு போய்த் தெளிவாக வரும்வரை களைந்து, அதைக் கை அகல உயரத்துக்குப் பரப்பி, ஒரு மரக்கட்டையைச் சாயம் இறங்கும்வரை அண்டாவில் வேகவைத்து நட்டு, பச்சைப் பாசியைக் கல்லோடு வைத்து வெள்ளை நூலால் குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதுபோலக் கட்டி, குழாய்த் தண்ணீரை மருந்து வாசம் போகும்வரை டிரம்மில் வெயில் காட்டி, அதில் பாதியும் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் பாதியுமாகக் கலந்து, மணல் கலங்காமல் இருக்க ஒரு சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்து அதன்மேல் சன்னமாக ஊற்றி, பஞ்சு வடிகட்டியைச் செருகி, காய்ந்த பாதாம் இலை ஒன்றை மிதக்கவிட்டு, குளோரி அண்ணி மோட்டார் சுவிட்சைப் போட்டாள். குமிழ்கள் ஏறின. நான் கைகூப்பாத குறையாக நின்றேன்.

"எறா எப்ப அண்ணி?"

"இப்ப இல்ல. தண்ணி பழுக்கணும்."

"பழுக்கறதுன்னா?"

"பச்சத் தண்ணியில எந்த உசுரும் நிக்காது. சும்மா ஓடட்டும். கண்ணுக்குத் தெரியாத சங்கதி ஆயிரம் அதுக்குள்ள நடக்கும். ஒருநாள் மோந்து பாத்தா மழை பேஞ்ச மண்ணு வாசன வரும். அப்ப விடலாம். அதுவரைக்கும் கையக் கிய்ய விட்டுக் கலக்கின, வந்து ஒதைப்பேன்."

வாரக்கணக்கில் வெறும் தண்ணீர் ஓடியது. கீழ்வீட்டுத் தவமணி அக்கா, மீன்களுக்குப் புழு விற்பவள், காலையும் மாலையும் வந்து எட்டிப்பார்ப்பாள். "என்னாம்மா இது, சாமி இல்லாத கோயிலாட்டம்?" என்பாள். தண்ணீர் ஒரு சமயம் பால்போல வெளுத்தது. எல்லாம் கெட்டுவிட்டது என்று நான் உபவாசம் இருந்தேன். பிறகு ஒரு விடியலில் கலங்கல் அடங்கி, கண்ணாடிக்குள் ஒன்றுமே இல்லையோ என்று கை நீட்டத் தோன்றும் அளவுக்குத் தெளிந்து, கூடம் முழுக்க மழை மண் வாசனை வந்தது. அன்றைக்குத்தான் நான் ஜோவிட்டாவுக்குக் குளிக்க ஊற்றினேன், அவளும் தெளிந்தாள்.

அமலன் ஈரக் கையோடு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஜன்னலுக்கு நல்ல கெட்டித் துணியா ஸ்கிரீன் போடணும் பெனி. வெயில் நேரா உள்ள எறங்கும்" என்றார்; அன்று மாலையே போட்டார். குளோரி அண்ணி குழந்தையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, பை மீனைத் திருப்பிப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வயிறு நெறஞ்சிருக்கு. கொடலு சுத்தமா இருக்கு. ஒரு கொறையும் இல்ல, கூட்டிட்டுப் போ" என்று என் கையில் கொடுத்தாள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டி, பார்த்து, கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தடுப்பூசி தேதியை மட்டும் சொன்னார். பங்குச் சாமியார் வந்து, ஞானஸ்நானத்தன்று சிலுவை வரைந்த நெற்றியை உற்றுப் பார்த்து, இவள்தான் என்று தலையாட்டி, காபி குடித்துவிட்டுப் போனார்.

தெரு அவளை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. உள்ளே தெரியும் உயிர் ஒன்றை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இறால் வழியாகத் தெரிந்ததுதான், ஆகவே இறாலுக்கு ஆகாதது எதுவும் ஜோவிட்டாவுக்கும் ஆகாது என்று யாரும் கூட்டம் போடாமலே முடிவானது. கொசுவத்தி கொளுத்துவதை விட்டார்கள். என் வீட்டுக்கு வருமுன் பவுடரையும் சென்ட்டையும் கழுவிவிட்டு வந்தார்கள். கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருமுனைக்கு வந்தபோது தவமணி அக்கா தலைமையில் பெண்கள் குறுக்கே போய் நின்றார்கள்.

"டெங்கு வரும்மா!" என்றார் புகைக்காரர்.

"வந்தா எங்களுக்கு வரட்டும். நீ வண்டியத் திருப்பு."

"எதுக்குன்னு சொல்லு, திருப்புறேன்."

"எங்க தெருவுல கண்ணாடிக் கொழந்த ஒண்ணு இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இத ஒரு போர்டு எழுதி வச்சிருந்தா நான் டீசல் செலவு பண்ணி வந்திருப்பேனா?" என்று சலித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். மறுநாள் தெருமுனையில் போர்டு வைத்தார்கள்.

சாயங்காலங்களில் பெண்கள் வந்து தூளியைச் சுற்றி உட்கார்ந்து அந்த இதயத்தைப் பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்கப் பேச்சு குறையும். "இத்தினியூண்டு பொட்டலம், இம்மாம் வேலையா செய்யுது" என்பாள் தவமணி அக்கா. அவள் கணவர் மீன் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர். அவள் மட்டும் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருப்பாள்.

அந்த நாட்களில்தான் அண்ணி இறாலைக் கொண்டுவந்தாள். ஏரியில் பிடித்த கண்ணாடி இறால், கண் இரண்டும் கறுப்புப் புள்ளி, மற்றதெல்லாம் தண்ணீர். பையைப் பிரித்து வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக இறங்கவைத்தாள். "பழைய தண்ணிய மறந்து புதுத் தண்ணி பழகணும். அவசரப்பட்டா செத்துடும்." மதியம் முழுக்க அது சொட்டியது. பிறகு வலையால் அள்ளி விட்டாள். அவை மணலில் இறங்கி, முன்னங்கைகளால் எதையோ பொறுக்கிப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தன.

கொஞ்ச நாளில் ஒரு காலை, ஒரு இறால் பாசிமேல் சாய்ந்து கிடந்தது. கால், மீசை, வால் எல்லாம் முழுதாக, அசைவில்லாமல். நான் கரண்டியால் எடுத்து, கற்றாழைத் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்து, இரண்டு விளக்குமாற்றுக் குச்சியில் சிலுவை வைத்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தாள். விஷயத்தைக் கேட்டவள் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அடியே, அது சட்டைடி! சட்டைய உரிச்சுப் போட்டுட்டு அது உள்ள எங்கியோ ஒளிஞ்சிருக்கு. நீ சட்டைக்கு எழவு கொண்டாடுற!"

சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். சட்டை இறுகினால்தான் இறால் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உரித்தால்தான் இன்னும் வளரும். உரித்த புதிதில் உடம்பு வெண்ணெயாக இருக்கும், அதனால் ஒளிந்துகொள்ளும். அப்போது தேடக்கூடாது, தொட்டால் கிழிந்துபோகும். தானாக இறுகித் தானாக வரும். "சட்டைய எடுக்காத. அப்படியே உட்டுடு. மத்ததுங்க தின்னும். அதுலதான் அதுங்களுக்கு எலும்பு." இறாலுக்கு எலும்பு ஏது என்று நான் கேட்கவில்லை.

தொட்டி என் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கும் என்றுதான் அண்ணி நினைத்தாள். ஆனால் குழந்தைக்குள் இதயம் தெரியும்போது எந்தத் தாய் இறாலைப் பார்ப்பாள்? மூக்கில் விரல் வைத்த காலத்தில் எனக்கு மூச்சுக்கு மூச்சுதான் பயம். இப்போது துடிப்புக்குத் துடிப்பு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடைவெளியில் எனக்கு ஒரு ஆயுள் போய்விடும். சமைக்கும்போது தூளியை அடுப்படி வாசலில் கட்டினேன், குளிக்கும்போது கதவைத் திறந்துவைத்தேன், அவள் குப்புற விழுந்து தவழப் பார்த்தால் மார்பு தரையில் மறைந்துவிடும் என்று மல்லாத்திப் போட்டேன். விளக்கை அணைக்கவே விடவில்லை. தூளிக்கு நேராகத் தொட்டி இருந்ததால் தொட்டிக்கும் அதே வெளிச்சம். அமலன் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டார்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் டீச்சர்தான் முதலில் கேட்டார். "என்ன பெனடிக்டா, முள்ளு போன மாசம் நின்ன இடத்துலயே நிக்குது?" அடுத்த மாசமும் நின்றது. அதற்கடுத்தும் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவளுக்கு நகம் வெட்டி வெகுநாளாகிறது, வெட்ட நகம் வளரவில்லை, முடி அதே முடி, சட்டை அதே சட்டை. பால் இறங்குவதைப் பார்க்கிறேன், கரைவதைப் பார்க்கிறேன், ஆனால் அவள் பெரிதாகவில்லை. இதயம் மட்டும், இடம் போதாதவர்கள் திரும்பிப் படுப்பதுபோல, நெருக்கிக்கொண்டு அடித்தது.

அதே வாரம் தொட்டியில் ஒரு இறால் உண்மையிலேயே செத்தது. முதுகில் வெள்ளை வளையம் விழுந்து, சட்டை பாதி பிளந்து, பாதி பிளக்காமல். அண்ணி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா லைட்டு எரியுது?"

"அணைக்கறதே இல்ல அண்ணி."

"பாத்துக்கினே இருந்தா எது சட்ட உரிக்கும்? நீ ஒருத்தர் முன்னாடி துணி மாத்துவியா?" குரல் தழைந்தது. "மறைவு வேணும் பெனி. மறைவு இல்லன்னா உரிக்காது. உரிக்கலன்னா வளராது. வளராதது ரொம்ப நாளு நிக்காது."

எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணி தொட்டியைச் சாக்கால் மூடினாள். பிறகு கோயிலுக்குப் போய், தவக்காலத்தில் சுரூபங்களை மூடும் ஊதாத் துணியை உபதேசியாரிடம் கேட்டு வாங்கிவந்து, தூளியின் மேல் தரைவரைக்கும் தொங்கவிட்டாள். சின்ன வயதில் அந்த ஊதாத் துணியைக் கண்டு நான் அழுதிருக்கிறேன். மாதாவை ஏன் மூடினார்கள், மாதா செத்துட்டாங்களா என்று கேட்டபோது சிஸ்டர், "மூடியிருக்கும்போதும் அங்கேதான் இருக்காங்க, சத்தம் போடாதே" என்றார்கள். அப்போதும் நான் நம்பவில்லை. துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஜெபத்துக்குப் போனேன்.

அதன் பிறகு தெருப் பெண்கள் என் வீட்டில் காவல் உட்கார்ந்தார்கள், குழந்தையைப் பார்க்க அல்ல, நான் பார்க்காமல் இருக்க. முறை வைத்துக்கொண்டு ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து, எனக்கும் தூளிக்கும் நடுவே உட்கார்ந்து, என் மடியில் வேலையைக் கொட்டினார்கள்: பாசி கட்டு, மணல் களை, பைக்கு ரப்பர் போடு. பாலுக்கு அவள் சிணுங்கினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு துணிக்குள் உடம்பை நுழைத்துக் கொடுப்பேன். வாய் பற்றும், இழுக்கும், விடும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் கண் தானாகத் திரும்பும்போதெல்லாம் தவமணி அக்கா என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள்.

"என்னியப் பாரு. நான் அழகா இல்லியா?"

"அக்கா, நின்னுடுச்சுன்னா?"

கையிலிருந்த பையை முறுக்கி ரப்பர் போட்டு முடித்தாள்.

"நான் பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தேன். அவர் மூஞ்சியப் பாத்துக்கினேதான் இருந்தேன், கறுப்பு மோலிய எந்தத் தொட்டியில உடுறதுன்னு கேட்டாரு, நான் பதில் சொல்றதுக்குள்ள போயிட்டாரு. பாத்தா நிக்காதுன்னா அவரு நெஞ்சு நின்னிருக்கவே கூடாதே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மணல் களைந்தோம்.

அப்படி ஒரு காலையில், குளோரி அண்ணி சந்தைக்குப் போயிருந்தபோது, பால் கொடுக்க உடம்பை நுழைத்தேன். வாய் பற்றவில்லை. கையை விட்டேன். தூளியில் எடை இல்லை. விரலில் நனைந்த பாலித்தீன்போல ஏதோ பட்டது.

துணியை இழுத்தேன். தூளிக்குள் ஜோவிட்டா மல்லாந்து கிடந்தாள், பத்து விரலும், காதின் சுழியும், தொப்புளும், கீழுதட்டில் பால் குடித்த தடிப்பும் எல்லாம் முழுதாக, உள்ளே எதுவும் இல்லாமல். இதயம் இருந்த இடம் வழியாகப் பழைய சேலையின் பூ தெரிந்தது.

தவமணி அக்கா போட்ட சத்தத்தில் அமலன் தெருவிலிருந்து ஓடிவந்தார். வந்தவர் பார்த்தார், "புள்ள எங்க, புள்ள எங்க" என்று பீரோவைப் பிடித்து இழுத்தார், அக்கா அரிசி டிரம்மை உருட்டப் போனாள், வாசலில் கூட்டம் கூடி உள்ளே காலெடுத்து வைத்தது. நான் அப்போது ஒரு சத்தம் போட்டேன். என் ஆயுளில் அப்படி ஒரு சத்தம் நான் போட்டதில்லை. ஜெபத்தில் முணுமுணுக்கும் குரலில்தான் பேசவேண்டும் என்று சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தேடாதீங்க!"

எல்லோரும் நின்றார்கள்.

"பைத்தியமா பெனி? புள்ள எங்கன்னு தெரியல!"

"உள்ளதான் எங்கியோ ஒளிஞ்சிருக்கா. வாசக் கதவு நீங்க வெளிய போனதும் அக்கா போட்ட தாழ்ப்பாளு, இப்ப உங்களுக்குத்தான் திறந்தாங்க. வெண்ணெயாட்டம் இருப்பா. கை பட்டா கிழிஞ்சிடும். காலு பட்டா..." இரண்டு கையையும் விரித்து வழி மறித்தேன். "அவளா வருவா. யாரும் நடக்காதீங்க. நின்ன எடத்துலயே உக்காருங்க."

அமலன் என்னைப் பார்த்தார். மூச்சு வருகிறதா என்று குழந்தையை எழுப்பிப் பார்க்கிறவள் சொல்கிறாள், தேடாதே என்று. அவர் பீரோவிலிருந்து கையை எடுத்து, காலுக்குக் கீழே தரையை நன்றாகப் பார்த்து, மெல்ல உட்கார்ந்தார். அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். வாசல்படியில் நின்றவர்கள் படியிலேயே உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், சேதி வாய்க்கு வாய் போய்ப் போய்த் தெருவின் மறுமுனைவரைக்கும் ஆட்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். டிவிகள் நின்றன, பிள்ளைகளை மடியில் இழுத்துவைத்துக்கொண்டார்கள், சந்தையிலிருந்து திரும்பிய குளோரி அண்ணி தெருமுனையில் விஷயம் கேட்டு, போர்டுக்குக் கீழே மீன் பைகளோடு உட்கார்ந்தாள். மோட்டார் தூறல் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

எனக்குத் தேடவேண்டும். கட்டிலடியில் ஒருதரம் குனிந்தால் போதும். என் கழுத்து தானாகத் திரும்பியது, நான் திருப்பினேன். மறுபடி திரும்பியது, மறுபடி திருப்பினேன். பால் கட்டிக் கட்டி ரவிக்கை நனைந்து மடியில் சொட்டியது. வெயில் திரைக்கு வெளியே ஏறி இறங்கியது. யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. தெருவில் இருந்த அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் நின்றன. இந்தத் தெருவில் அப்படி நின்றால் ஆளாளுக்கு மாடிக்கு ஓடி ஜெனரேட்டரை இழுப்பார்கள், இல்லாவிட்டால் சிமெண்டுத் தொட்டி சிமெண்டுத் தொட்டியாக மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து மிதக்கும். அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும்; அதன் சொந்தக்காரர்கள் கீழே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அமைதியில், ஈரக் கையால் தரையைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

தொட்டி ஸ்டாண்டுக்கு அடியில், வெயில் காட்டி எடுத்துவைத்த தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து, அமலனின் நிறத்தில் ஒரு குழந்தை தவழ்ந்து வந்தது. கொஞ்சம் பெரியது. எனக்குப் பழக்கமில்லாத பெரியது. ஒரு கையை வைத்து, யோசித்து, அடுத்த கையை வைத்து, உட்கார்ந்திருந்தவர்களின் காலுக்கிடையில் புகுந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக என் மடிக்கு வந்து, நனைந்த ரவிக்கையைப் பிடித்து இழுத்தது. நான் கொடுத்தேன். வாய் பற்றியது, இழுத்தது. பால் போயிற்று, எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் முதுகில் கைவைத்துப் பார்த்தேன், தோல், தோலுக்கு மேல் வியர்வை. உள்ளே இருட்டு.

"உள்ள எதுனா தெரியுதாடி? என்னாடி பாக்குற?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"ஒண்ணும் தெரியல அக்கா" என்றேன். "ஒண்ணுமே தெரியல."

அப்போது அமலன் அழுதார். வெளியே யாரோ முதல் ஜெனரேட்டரை இழுத்தார்கள். தூறல் மறுபடி தொடங்கி ஒவ்வொரு மாடியாகப் பரவியது. அன்று தெருவில் நிறைய மீன் செத்தது. அதைப் பற்றி யாரும் இன்றுவரை என் காதுபடப் பேசவில்லை.

சட்டையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்றார்கள், கோயிலுக்குக் கொடுக்கவேண்டும் என்றார்கள். குளோரி அண்ணி, "தொட்டியில போடு" என்றாள். நான் அதை இரண்டு கையாலும் ஏந்தி, தொட்டிக்குள் இறக்கினேன். அது தண்ணீரோடு தண்ணீராகி மணல்மேல் படுத்தது. இறால்கள் கால் விரலில் ஆரம்பித்தன. மெல்ல, மரியாதையாக, பல வாரம் தின்றன. கடைசியில் காதின் சுழி மட்டும் கொஞ்ச நாள் பாசியில் சிக்கியிருந்தது, பிறகு அதுவும் இல்லை. அதன் பின் எல்லா இறாலுக்கும் வயிற்றடியில் முட்டை.

அங்கன்வாடி முள் இப்போது நகர்கிறது. நகம் வெட்டுகிறேன். தெருமுனைப் போர்டை யாரும் எடுக்கவில்லை. புகை வண்டி வரும், படிக்கும், திரும்பிப் போகும். அண்ணி ஊதாத் துணியைத் துவைத்து உபதேசியாரிடம் கொடுத்துவிட்டாள்.

என் பயம் போய்விட்டதா என்று தவமணி அக்கா கேட்டாள். போகவில்லை. அதுவும் சட்டை உரித்திருக்கிறது, அவ்வளவுதான். முன்னைவிடப் பெரிதாக, முன்னைவிட மெத்தென்று, எனக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. நான் அதையும் தேடுவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு, அடுப்படி விளக்கடியில், தூளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண்ணுக்கு ஏதாவது வேலை வேண்டும். இவ்வளவு நேரம் தூளிக் கயிறு கிறீச் கிறீச் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது நின்றிருக்கிறது. கழுத்து திரும்பப் பார்க்கிறது. நான் இந்த வரியை எழுதி முடிக்கிறேன்.